முதலில் இறங்கும் கோடு

அந்தக் காகித ஆலையில் பேய் நடமாடுகிறது என்ற பேச்சு எப்போது கிளம்பியது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பாய்லருக்குத் தானாகத் தண்ணீர் விடும் புதிய கன்ட்ரோலர் புரோகிராமை எழுதிய பெண்ணைக் கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பாள்: அவளுடைய கன்ட்ரோலரை பாய்லரோடு இணைத்த முதல் நாள் மதியத்திலிருந்து. அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டாள். அந்தப் பேய் தன் புருஷன் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

படித்தவள், கணக்கில் புலி, இவளே இப்படி நினைக்கலாமா என்று யாரும் நாக்கைச் சுழற்ற வேண்டாம். இரண்டு வருஷமாகக் கட்டிலின் ஒரு ஓரத்திலேயே படுத்து எழுந்தவள் அவள். எது வந்து தட்டினாலும் அவளுக்கு அது அவன்தான்.

புருஷன் அதே ஆலையில் பாய்லர் ஆபரேட்டராக இருந்தான். பாய்லரின் உச்சியில் ஒரு பெரிய இரும்பு உருளை படுத்திருக்கும். டிரம் என்பார்கள். அதற்குள் பாதி தண்ணீர், மீதி நீராவி. தண்ணீர் மட்டம் ரொம்ப ஏறினால் நீராவியோடு தண்ணீரும் போய் மெஷினைக் கெடுக்கும். ரொம்ப இறங்கினால் குழாய்கள் காய்ந்து வெடிக்கும். குறைந்தால் விடு, கூடினால் நிறுத்து, இவ்வளவுதானே என்று தோன்றும். அங்கேதான் டிரம் தன் குசும்பைக் காட்டும். பொங்கி வரும் பாலில் ஒரு கை தண்ணீர் தெளித்தால் பால் அடங்கிப் போகிறதே, அதே சங்கதி. கொதிக்கிற டிரம்முக்குள் குளிர்ந்த தண்ணீர் போனதும் குமிழிகள் அமுங்கி, மட்டம் ஏறுவதற்குப் பதிலாக முதலில் இறங்கும். கொஞ்சம் பொறுத்தால்தான் ஏறும். இந்தக் குணமும் ஒரே மாதிரி இருக்காது. ஆலை மெதுவாக ஓடும்போது லேசாக இறங்கும், முழு மூச்சில் ஓடும்போது எவ்வளவு இறங்கும் என்று சொல்ல முடியாது.

அவன் செத்த அன்றைக்கு ஆலை முழு மூச்சில் ஓடியது. மட்டம் குறைகிறதே என்று அவன் தண்ணீர் விட்டான். திரையில் மட்டத்தைக் காட்டும் கோடு இறங்கியது. இறங்கும் என்று அவனுக்கும் தெரியும், ஆனால் அவ்வளவு ஆழத்துக்கு இறங்கி அவன் பார்த்ததில்லை. வால்வு திறக்கவில்லையோ என்று இன்னும் விட்டான். இன்னும் இறங்கியது. திரையை நம்பாமல், கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன் என்று டிரம் இருக்கும் மேல்தளத்துக்கு ஓடினான். கொதித்துக் கிடந்த இரும்பில் அத்தனை குளிர்ந்த தண்ணீரும் ஒரேயடியாகப் பாய்ந்ததில் ஒரு குழாய் பிளந்தது. அவன் அதன் பக்கத்தில் நின்றிருந்தான். விசாரித்தவர்கள் 'ஆபரேட்டரின் அவசரம்' என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டுப் போனார்கள்.

அவள் வேலை பார்த்தது கன்ட்ரோலர் வடிவமைக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில். அந்த பாய்லருக்கே புதிய கன்ட்ரோலர் வேண்டும் என்று ஆலை கேட்டபோது, அலுவலகத்தில் எல்லோரும் உனக்கு வேண்டாம் என்றார்கள். அவள் எனக்குத்தான் வேண்டும் என்று நின்றாள்.

அந்தத் தொழிலில் ஒரு தடை உண்டு. இந்த டிரம் மாதிரி, முதலில் எதிர்ப்பக்கம் போய்விட்டுத்தான் சொன்ன பேச்சைக் கேட்கும் சாமான்களுக்கு, அந்த எதிர்ப்போக்கை அடியோடு அழிக்கும் கன்ட்ரோலர் எழுதக் கூடாது. அதன் குணத்தைத் தலைகீழாக்கிக் கணக்கில் கழித்துவிட்டால் வெளியே கோடு நேராக நிற்கும். ஆனால் கழித்தது எங்கும் போய்விடாது. உள்ளே தண்ணீர் விடும் வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்தப் பக்கம் ஒரு ஆட்டம், அதைச் சரிக்கட்ட அந்தப் பக்கம் அதைவிடப் பெரிய ஆட்டம் என்று வளர்ந்துகொண்டே போகும். கோடு மட்டும் கடைசி நிமிஷம் வரைக்கும் ஆடாது அசையாது.

அவளுக்கு இது தெரியாதா? வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் கிழிகிழியென்று கிழித்திருப்பாள். ஆனால் தன் மேசையில், தன் திரையில், தண்ணீர் விட்டதும் கோடு இறங்குவதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பள்ளத்தில்தான் அவன் போனான். கணக்கில் அந்த இறக்கத்தைக் கொஞ்சம் கழித்துப் பார்த்தாள், பள்ளம் ஆழம் குறைந்தது. இன்னும் கொஞ்சம் கழித்தாள். சும்மா ஒரே ஒரு தடவை பார்க்கலாமே என்று முழுக்கவும் கழித்தாள். கோடு நேராகிவிட்டது. அன்றைக்குத்தான் அவள் ரொம்ப நாளைக்கு அப்புறம் வயிறாரச் சாப்பிட்டாள். அடுத்த நாள் பழையபடி மாற்றிவிடலாம் என்றிருந்தாள், மாற்றவில்லை. உள்ளே ஆட்டம் வளர்வது நிஜம்தான், ஆனால் ஆமை வேகத்தில் வளர்கிறது, அதற்குள் யாராவது நிறுத்தித் திரும்ப ஓட்டுவார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆபரேட்டர்களுக்கு வீண் தலைவலி எதற்கு என்று, வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைத் திரையில் சராசரியாக மட்டும் காட்ட வைத்தாள். இரண்டு பக்கமும் ஆடுகிற ஆட்டத்துக்குச் சராசரி எடுத்தால் என்ன வரும்? ஆடாத மாதிரி வரும்.

சோதனை ஓட்டம் தொடங்கியது. காலையில் புதிய கன்ட்ரோலர், சாயங்காலம் திரும்பவும் பழையது. மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

"ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கே மேடம். இத்தனை வருஷத்துல இந்தச் சனியன் இப்படி அடங்கி நான் பார்த்ததே இல்ல."

ஆலை ஆட்கள் அவளுக்கு 'நேர்கோட்டம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். புருஷன் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருந்தது அவனுடைய தம்பி, அவள் கொழுந்தன். வீட்டில் சின்னவன். அண்ணன் போன வேலைக்குத் தம்பியை எடுத்தார்கள். சின்னவனுக்கு அந்த நேர்கோடு ஒரு பெருமை. வருகிறவன் போகிறவனையெல்லாம் கூப்பிட்டு, "எங்க அண்ணி எழுதினது" என்று காட்டுவான்.

முதல் நாள் மதியம் அவள் மேல்தளத்துக்குப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. வெக்கை முகத்தில் அறைந்தது. பிளந்த குழாயை மாற்றி, மேலே புதிய தகடு போர்த்தியிருந்தார்கள். பக்கத்துத் தகடுகளெல்லாம் மங்கிக் கிடக்க அது மட்டும் பளபளத்தது. அங்கே நின்றபோதுதான் கேட்டது. டக். கொஞ்சம் இடைவெளி. டக் டக்.

புருஷன் வீட்டுக்கு வந்தால் ஒரு நாளும் மணியை அழுத்த மாட்டான். சாவிக் கொத்தால் கதவை முதலில் ஒரு தட்டு, நிறுத்தி இரண்டு தட்டு. ஏன் மணி இருக்கே என்றால், மணிக்கு யார் வேணா வந்து கதவைத் திறப்பாங்க, இதுக்கு நீ மட்டும்தான் வருவே என்பான்.

அந்தத் தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். சுட்டது. எடுக்கவில்லை. "வந்துட்டீங்களா?" என்றாள். அவ்வளவு மெதுவாகச் சொன்னது அந்த இரைச்சலில் அவள் காதுக்கே கேட்கவில்லை. டக். டக் டக்.

அதிலிருந்து தினமும் மதியம் போனாள். தட்டுகிற சத்தம் காலையில் இருக்காது, மதியத்துக்கு மேல் வரும், சாயங்காலம் பழைய கன்ட்ரோலருக்கு மாற்றியதும் நின்றுவிடும். ஆம்பளை வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற மாதிரி. அவளுக்கு அதில் ஒன்றும் விநோதமாகப் படவில்லை. ஒரு நாள் தண்ணீர்ப் பாட்டிலோடு போய்ச் சுவரோரம் உட்கார்ந்து, வீட்டுச் சங்கதிகளைச் சொன்னாள். குழாய் ஒழுகுவது, சின்னவனுக்குப் பெண் பார்ப்பது, மாமியார் யாரோடும் பேசாமல் இருப்பது. பயமாகவும் இருந்தது. முதுகுத்தண்டில் எறும்பு ஊர்வது போல ஒரு கூச்சம். ஆனாலும் அந்தப் பயத்தை விட்டுக் கீழே இறங்க மனசு வரவில்லை.

சத்தத்தை ஆட்களும் கேட்டார்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா? சின்னவனின் அண்ணன், பெரியவர் வந்துட்டார், தன் இடத்தைப் பார்க்க வந்திருக்கார் என்றார்கள். மதியத்துக்கு மேல் ஒருத்தன் கூட மேல்தளத்துக்குத் தனியாகப் போகவில்லை. சின்னவன் அதை அப்படியே வீட்டில் போய்க் கொட்டினான்.

மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியவன் போனபோது அந்த மனுஷி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்தாள். அப்புறம் மெல்ல மெல்லப் பேச்சு நின்றது, சாப்பாடு குறைந்தது, சுவரைப் பார்த்து உட்காருவதே வேலை என்றாயிற்று. டாக்டர்கள் மாத்திரை கொடுத்தார்கள், அதையும் சுவரைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். தட்டுகிற சத்தத்தைப் பற்றிக் கேட்ட மறுநாள் தலைக்குக் குளித்து, வாரிக்கொண்டு, வாசல் கதவைத் திறந்து வைத்து நின்றாள்.

"இன்னைக்கு வந்தானா?"

மருமகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "வந்தார் அத்தை."

"எத்தனை தட்டு?"

"எப்பவும் போலத்தான். ஒண்ணு, அப்புறம் ரெண்டு."

மாமியார் தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்றைக்கு மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சின்னவன் எதையோ சொல்லிக் கிண்டல் பண்ண, மாமியார் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டு யுகமாகியிருந்தது. பெற்றவளுக்குப் பிள்ளை திரும்பி வந்துவிட்டான், பெண்டாட்டிக்குப் புருஷன் வந்துவிட்டான். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மேலாளர் அந்த வார முடிவில் கூப்பிட்டார். "திங்கட்கிழமையிலருந்து முழுசா உங்க கன்ட்ரோலர்தான் மேடம். ராத்திரி பகல்னு இல்லாம ஓடட்டும். பழசைக் கழட்டிடலாம். முதல் ஷிப்டு உங்க கொழுந்தன்தான் உக்காரணும்னு அடம் பிடிக்கிறான்."

அவள் சரி என்றாள். கீழே வந்தபோது சின்னவன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவளைப் பார்த்தான். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"அண்ணி, ஒண்ணு கேக்கட்டுமா? அண்ணனுக்கு என் மேல ஏதாச்சும் கோவமா?"

"ஏன் அப்படிக் கேக்கறே?"

"தினமும் கேட்டுட்டுதானே இருக்கேன். மதியம் லேசாதான் ஆரம்பிக்கறாரு. சாயங்காலம் ஆக ஆக பலமா தட்டறாரு. இப்ப தண்ணிக் குழாயே அதிருது. நான் அவர் சேர்ல உக்காந்திருக்கறது பிடிக்கலையோன்னு…"

"சேச்சே, அவருக்கு உன் மேல என்ன கோவம்," என்று சொல்ல வாயெடுத்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

அவள் புருஷன் பலமாகத் தட்டுகிற ஆள் இல்லை. அவளைவிட அது யாருக்குத் தெரியும்? ஒரு தட்டு, இரண்டு தட்டு, அதோடு சரி. கதவு திறக்கவில்லை என்றால் படியில் உட்கார்ந்துவிடுவான். ஒரு தடவை அவள் அசந்து தூங்கிப்போய், எழுந்து கதவைத் திறந்தபோது, படியிலேயே தலையைச் சாய்த்து அவனும் தூங்கிக்கொண்டிருந்தான். ஏன் பலமாகத் தட்டவில்லை என்று சண்டை பிடித்ததற்கு, தட்டினா நீ பயந்துடுவேல்ல என்றான். அவன் செத்தே போனாலும் பலமாகத் தட்ட மாட்டான்.

அப்படியென்றால் மேலே இருப்பது யார்?

அவள் சின்னவனை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். வால்வின் சராசரியை எடுத்துவிட்டு, அது நிஜமாக என்ன செய்கிறது என்று அப்படியே திரைக்குக் கொண்டுவந்தாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாகத் தட்டினாள். மேலே மட்டத்தின் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி. கீழே வால்வு. திறந்து மூடி, அதைவிட அகலமாய்த் திறந்து, அதைவிட இறுக்கமாய் மூடி, வாய் பெரிதாகிக்கொண்டே போகும் புனல் மாதிரி ஒரு படம். மதியத்துக்கு மேல் ஒவ்வொரு மூடலிலும் வால்வு போய் அடித்தது. ஓடுகிற தண்ணீர் முட்டிக்கொண்டு குழாயை உதைத்தது. முதலில் ஒன்று, எதிரொலித்து இரண்டு.

டக். டக் டக்.

"என்ன அண்ணி இது?" என்றான் சின்னவன்.

"நான்," என்றாள்.

தினமும் சாயங்காலம் நிறுத்தியதால் அது பிழைத்துக் கிடந்தது. திங்கட்கிழமை நிறுத்தாமல் விட்டால் அந்தப் புனல் எங்கே போய் முடியும் என்று அவள் மனசிலேயே கணக்குப் போட்டாள். கோடு நேராகவே நிற்கும். ஒரு எச்சரிக்கை மணி கூட அடிக்காது. சின்னவன் பெருமையாக அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சத்தம் தாங்க முடியாமல் போகும்போது, அண்ணனைப் பார்த்து ரெண்டு வார்த்தை பேசிவிட்டு வருகிறேன் என்று மேல்தளத்துக்கு ஏறுவான். இவன் ஏறுவான், அவளுக்குத் தெரியும்.

உடனே பழைய கன்ட்ரோலருக்கு மாற்றச் சொன்னாள். மாற்றியதும் மேலே சத்தம் நின்றது. நின்ற அந்த நொடியில் அவள் நெஞ்சு கேட்டது, வெட்கமில்லாமல் கேட்டது: இன்னும் ஒரே ஒரு நாள் விட்டால் என்ன? அப்படிக் கேட்டதற்காக அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக வந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மேசையை விட்டு எழவில்லை. கழித்ததையெல்லாம் திரும்பக் கூட்டினாள். ஆலை மெதுவாக ஓடும்போது ஒரு மாதிரி, முழு மூச்சில் ஓடும்போது வேறு மாதிரி, ஆனால் எப்போதும் ஒரே ஒரு புத்தி: கோடு இறங்கினால் பதறாதே, கொஞ்சம் தண்ணீர் விட்டுவிட்டுக் காத்திரு. பள்ளம் திரும்பவும் திரையில் வந்தது. இந்தத் தடவை அவள் அதைத் தொடவில்லை.

திங்கட்கிழமை மேலாளர் முகம் சுருங்கிவிட்டது. "என்ன மேடம், போன வாரம் நேரா இருந்துச்சு. இப்ப தண்ணி விட்டா முதல்ல கீழ போகும்ங்கறீங்க? காசு குடுத்துக் கோணலையா வாங்குவாங்க?"

"நேரா இருந்ததுதான் சார் பொய். நான்தான் அந்தத் தப்பைப் பண்ணினேன். பாருங்க." வால்வின் புனலைக் காட்டினாள். அவருக்குப் பாதிதான் புரிந்தது, ஆனால் அந்தப் பாதியே போதுமாக இருந்தது. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆலையை முழு மூச்சுக்குக் கொண்டுபோகச் சொன்னாள். சின்னவன் நாற்காலியில், அவள் பக்கத்தில். பின்னால் ஆட்கள் கூடி நின்றார்கள். மட்டம் குறையத் தொடங்கியது. கன்ட்ரோலர் தண்ணீர் விட்டது. கோடு இறங்கியது.

"இறங்குது அண்ணி."

"இறங்கட்டும்."

இன்னும் இறங்கியது. பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள். சின்னவனின் கை தானாகத் தண்ணீரைக் கூட்டும் பொத்தானுக்குப் போனது. அவள் அந்தக் கையைப் பிடித்தாள்.

"தொடாதே."

"அண்ணனுக்கும் இப்படித்தானே…"

"ஆமா. இப்படித்தான். தொடாதே."

அவளுக்கும் கை பரபரத்தது. அந்தப் பள்ளத்தின் அடியில் இருந்த நேரம் அத்தனையும், அவன் ஏன் ஓடினான் என்பது அவளுக்கு எலும்புக்குள் புரிந்தது. அவசரமாம். இங்கே வந்து உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும் அந்த இரண்டு வார்த்தை எழுதியவர்கள். கோடு நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு, ரொம்பத் தயங்கி, ஏறத் தொடங்கியது. சின்னவனின் கை அவள் பிடிக்குள் சில்லென்று இருந்தது, ஆனால் உயிரோடு இருந்தது.

அன்றைக்கு மதியம் மேல்தளத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஆட்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். பெரியவர் போய்ட்டார் என்று ஒருத்தன் சொன்னான். அவள் மேலே போகவில்லை.

பேருந்தில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்தாள். வந்தார் அத்தை, இன்னைக்கு ரொம்ப லேசா தட்டினார். நாளைக்கு இன்னும் லேசா. அடுத்த வாரம் ஒரு நாள் வரலை. இப்படியே மெதுவாகக் கொண்டுபோய், ஒரு அதிர்ச்சியும் இல்லாமல், அத்தை முகம் மாறாமல் முடித்துவிடலாம். நேர்கோடு போடுவதில் அவள் கைதேர்ந்தவள்.

மாமியார் தலை வாரி, கதவைத் திறந்து வைத்து நின்றாள். "இன்னைக்கு வந்தானா?"

"இல்லை அத்தை."

"ஏன், உடம்புக்கு என்ன?" என்று கேட்டுவிட்டாள் மாமியார். கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது.

"அது அவர் இல்லை அத்தை. தண்ணி. நான் எழுதினதுல தப்பு, அதனால வால்வு அடிச்சுக்கிட்டிருந்துச்சு. சரி பண்ணிட்டேன். இனிமே தட்டாது."

"சின்னவனும் கேட்டானே."

"விட்டிருந்தா சின்னவனும் போயிருப்பான் அத்தை."

மாமியார் அவளையே பார்த்தாள். அந்த முகத்தில் கொஞ்ச நாளாகக் கூடியிருந்த களை, கண் முன்னாலேயே வடிந்தது. "ரெண்டு வருஷம் கழிச்சு வந்தான் என் பிள்ளை," என்றாள். "அவனையும் துரத்திட்டியேடி, பாவி." அப்படியே வாசல்படியில் சரிந்து உட்கார்ந்தாள். பெரியவன் போன அன்றைக்கு வராத அழுகை இப்போது வந்தது. மாரில் அடித்துக்கொண்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.

மருமகளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வயசான உடம்பு, ஏதாவது ஆகிவிட்டால்? ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்கும் நிச்சயமாத் தெரியல அத்தை, ஒருவேளை அவராவே இருக்கலாம், அழுகை அப்படியே நின்றுவிடும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

அவள் படியில் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுகை கூடிக்கொண்டே போனது. அவள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை; காலையில் கோட்டுக்குக் காத்திருந்த மாதிரி காத்திருந்தாள்.